கையெழுத்துக் கட்டம்

அறுபத்து மூன்றாவது கேள்விக்கு வந்ததும் மவுஸ் மேலிருந்த ஆவுடைச்செல்வியின் கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்து நாலு வயது, தலைப்பிரசவம், முப்பத்து நாலாவது வாரம், இரண்டு நாளாகத் தலைவலி, கண் மங்கல், பிரஷர் நூற்றியெழுபதுக்கு நூற்றிப்பத்து, சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது என்ன? கீழே நாலு விடை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குட்டி வட்டம். அட பாவிகளா, இதையா கேட்கிறீர்கள், போயும் போயும் என்னிடமா கேட்கிறீர்கள்? விடை தெரியாமலா நின்றாள்? பாதி வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது. இரண்டாவது வட்டம். வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் ஊசி, பிரஷரைக் குறைக்க மருந்து, பிறகு பிரசவத்துக்கு ஏற்பாடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள், எத்தனை கிராம், நரம்பில் எவ்வளவு, சதையில் எவ்வளவு என்று. ஒரு தட்டு, ஒரு மார்க்கு, அடுத்த கேள்வி, அவ்வளவுதானே வேலை. திரையின் வலது மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு மணி முப்பத்தோரு நிமிஷம் மிச்சம், இதற்கப்புறம் கேள்வி எண்பத்தேழு மிச்சம், கேள்விக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் மூச்சுவிட நாலு நிமிஷம்கூடக் கிடையாது. மதுரைக்கு வெளியே ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறை. ஏசியை இப்படியா வைப்பார்கள், விரல் விறைக்கிறது. அறுபது பேர் குனிந்த தலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள், பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, சீனா என்று எங்கெங்கோ போய் ஆறு வருஷம் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர்கள், இந்த ஊரில் ஒருத்தரும் டாக்டர் கிடையாது. காலையில் நூற்றைம்பது கேள்வி, இப்போது நூற்றைம்பது, ஆக முந்நூறு. அதில் பாதி சரியாக இருந்தால் லைசென்ஸுக்கு வழி திறக்கும். போன தடவை அவள் வாங்கியது நூற்றி நாற்பத்தொன்பது.

நூற்றி நாற்பத்தொன்பது! அதற்கு நூறு வாங்கியிருக்கலாம், எழுபது வாங்கியிருக்கலாம், மனசு ஆறியிருக்கும். ஒன்று குறைந்ததற்கு ஆறு மாசமாக அந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள், பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, எந்தக் கேள்வி அது, எந்த வட்டத்தில் கை தவறிப்போய் விழுந்தது என்று. கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடித்ததுதான் மிச்சம், அந்த ஒன்று கிடைக்கவில்லை. இது ஆறாவது தடவை. அப்பா இதுதான் கடைசி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் தென்காசி மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்தப் பரீட்சை முடியட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார், அவர்களுக்குக் கிளினிக்கும் வேண்டாம் போர்டும் வேண்டாம், மருமகள் வீட்டோடு இருந்தால் போதுமாம். ஆகட்டும், பரீட்சை வேண்டாம் என்றா அவள் சொல்கிறாள்? வேண்டும்தான். அவள் கூடப் படித்த சிலர் வார்டுப் பக்கமே எட்டிப்பார்க்காமல் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு வந்ததை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள், அவர்கள் கையில் அவள் அப்பாவை விடமாட்டாள். ஆனால் இங்கேயே படித்தவனுக்கு இந்தப் பரீட்சை கிடையாதே, அது என்ன நியாயம்? போன வருஷம் அவள் வேலை பார்க்கிற நர்சிங் ஹோமுக்கு லீவு ஆள் மாற்றாக வந்தாரே ஒரு டாக்டர், நாலு வயசுப் பிள்ளையின் கையில் ஐந்து இடத்தில் குத்திவிட்டு வியர்த்து நின்றாரே, அவரை நகரச் சொல்லிவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, வலிக்குதா கண்ணு, என்று கேட்டபடியே முதல் குத்தில் நரம்பைப் பிடித்தது யார்? கேட்கும்போது வாயில் முதலில் வந்தது மசாகிட் பா என்பதுதான், பிலிப்பைன்ஸ் வார்டில் ஆறு வருஷம் கேட்டுப் பழகிய வார்த்தை, வலிக்கிறதா என்று அர்த்தம், அங்கே அந்த ஊர்க் கிழவிகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தங்கள் பாஷையில் என்னென்னவோ சொல்லி அழுவார்கள், எந்தக் கிழவியும் உன் லைசென்ஸ் எங்கே என்று கேட்டதில்லை. சரி, நரம்பைப் பிடித்தது அவள். சீட்டில் கையெழுத்துப் போட்டது அவர்.

கையெழுத்து. போகாதே, அந்தப் பக்கம் போகாதே, இரண்டாவது வட்டத்தைத் தட்டிவிட்டு நகர்ந்து போ, என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். பக்கத்துச் சீட்டுக்காரன் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுக்கிறான், எல்லாவற்றையும் தடை பண்ணினார்களே, இதைத் தடை பண்ணக்கூடாதா? காலையில் வாசலில் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள், ஓய்வுபெற்ற கண்டக்டரான அப்பா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக் கைக்குட்டையால் அடைத்துக்கொண்டார், இப்போது எதிரே டீக்கடைப் பெஞ்சில் அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கொண்டை ஊசியை எடுக்கச் சொன்னார்கள், கோயில் கயிற்றைக் கத்தரித்தார்கள். அவளுக்கு முன்னால் நின்றவள் கல்யாணமானவள், காலில் மெட்டி கழலவே இல்லை, சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள், ஒரு டாக்டர், வெயிலில் ஒற்றைக் காலில். மெட்டிக்குள்ளே என்னத்தை எழுதிக்கொண்டு போய்விடுவாளாம்? அதைப் பார்த்ததிலிருந்தே செல்விக்கு மனசு சரியில்லை. மெட்டி. சந்தனமாரியின் மெட்டி. கால் வீங்கி, விரல் வீங்கி, வெள்ளி மெட்டி சதைக்குள் பதிந்து ஓரம் மட்டும் கோடு மாதிரித் தெரிந்தது. பிரஷர் பார்க்கும் முன்பே, சீட்டு எழுதும் முன்பே, அந்த மெட்டியைப் பார்த்த உடனேயே அவளுக்கு இன்னதென்று தெரிந்துவிட்டது. இந்தக் கேள்வியில் மெட்டி இல்லை. இருபத்து நாலு வயது என்று போட்டிருக்கிறார்கள், சந்தனமாரிக்கும் இருபத்து நாலுதான். கேள்வியில் ஒரு பெயரும் இல்லை.

பங்குனி மாசம், வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. தனுஷ்கோடி டாக்டரின் நர்சிங் ஹோமில் செல்வி வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம். என்ன வேலை என்று கேட்டால் சொல்லப் பெயர் கிடையாது, சம்பளச் சீட்டில் உதவியாளர், வருகிற ஜனத்துக்கு டாக்டரம்மா, ஆரோக்கியமேரி சிஸ்டருக்கு ஆள் இருந்தால் செல்வி டாக்டர், ஆள் இல்லாவிட்டால் வெறும் செல்வி. நோயாளியைப் பார்ப்பவள் அவள், தொட்டு அமுக்கிக் கேட்பவள் அவள், என்ன நோய், என்ன மருந்து என்று சீட்டில் எழுதுபவள் அவள். கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், டாக்டர் கையெழுத்து என்று, அதை மட்டும் வெறுமனே விட்டுவிடுவாள். பெரிய டாக்டர் வந்து சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, டீ குடித்தபடி, பச்சை மையில் சரசரவென்று இழுத்துத் தள்ளுவார், பாதியை வாசிக்கக்கூட மாட்டார். சின்னச் சின்ன ஊர்களில் எத்தனை ஆஸ்பத்திரி இப்படி ஓடுகிறது என்று இந்த அறையில் இருக்கிற அறுபது பேரைக் கேட்டால் நாற்பது பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். சேர்ந்த அன்றைக்கே பெரிய டாக்டர் பாசமாகத்தான் சொன்னார், "எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுராதம்மா. நம்பர் இல்லாம போட்டா போலி டாக்டர்னு கேஸாயிரும். ஒரு தடவ மாட்டுனா ஆயுசுக்கும் உனக்கு லைசென்ஸ் கிடையாது பாத்துக்க. பாஸ் பண்ணிட்டு வா, வாசல் போர்டுல ஒம் பேரப் போடுதேன்." அவள் தலையை ஆட்டினாள். கை அதற்கப்புறம் அப்படியே பழகிக்கொண்டது, எல்லாம் எழுதும், கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் தானாகப் பேனாவை மூடிவைத்துவிடும்.

ஒரு மணி இருபத்து நாலு. அய்யோ, ஏழு நிமிஷம் போய்விட்டது. தட்டு செல்வி, தட்டு. "மண்டையப் பொளக்குதுங்கா டாக்டரம்மா, ரெண்டு நாளா. தைலம் தேச்சேன், சுக்குப் போட்டுக் குடுத்தேன், கேக்கல்ல. இன்னைக்கு என்னடான்னா கண்ணுக்குள்ள பூச்சி பறக்குதுங்கா." மாமியார்க்காரி சொன்னாள். சந்தனமாரி பேசவில்லை, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், புருஷன் தறிக்குப் போயிருந்தான், புடவையெல்லாம் நூல் பிசிறு. செல்வி பிரஷர் பார்த்தாள், நூற்றியெழுபதுக்கு நூற்றிப்பத்து. கேள்வித்தாள்காரன் எங்கிருந்து எடுத்தான் அதே எண்ணை? ஒன்று கூடக்குறையப் போட்டிருக்கக்கூடாதா? சீட்டு எழுதினாள், மெக்னீசியம் அளவெல்லாம் எழுதினாள், நூற்றியெட்டுக்குப் போன் பண்ணினாள், வண்டி வேறு கேஸில் இருக்கிறது, முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். "சிஸ்டர், ஊசிய உடனே போடணும்." ஆரோக்கியமேரி மருந்தை எடுத்தாள், ஊசியில் ஏற்றினாள், சீட்டைப் பார்த்தாள், நிறுத்தினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? முப்பது வருஷ சர்வீஸ், கையெழுத்தில்லாத சீட்டுக்கு ஊசி போட்டு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் ஜெயிலுக்குப் போவது யார்? செல்வியை அறைக்கு வெளியே கூட்டி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "செல்வி, இது குளுக்கோஸ் இல்ல. அளவு கூடுனா மூச்சே நின்னுரும். ஒப்பு இல்லாம நான் எப்படிப் போடுவேன்? பெரிய டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு, இந்தா போட்டுருதேன்." பெரிய டாக்டர் கோவாவில் ஏதோ மாநாடு என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார், அவரும் டாக்டர்தான், ஆக இரண்டு கையெழுத்தும் கோவாவில். திரும்புகிற விமானத்தில் இருந்தார்கள் அப்போது. இரண்டு போனும் அணைத்துக் கிடந்தன.

பத்துத் தடவை அடித்தாள். பதினைந்து தடவை அடித்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரல் வந்து, நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று தேன் ஒழுகச் சொல்லியது. நடுவில் போய்ச் சந்தனமாரியைப் பார்த்தாள், அவள் நிமிர்ந்து, "லேசா இருக்கு டாக்டரம்மா, வெளிச்சந்தான் கூசுது" என்றாள், பாவி, செல்வி பயப்படக்கூடாது என்று அவள் சமாதானம் சொல்கிறாள். செல்வி ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். சீட்டு மேஜை மேல் கிடந்தது, எல்லாம் எழுதி, கடைசிக் கட்டம் வெறுமனே. பேனா அவள் கையில்தான் இருந்தது. மூன்று பத்துக்கு எழுதின சீட்டு, மூன்று நாற்பத்தெட்டு வரைக்கும் அப்படியே கிடந்தது. முப்பத்தெட்டு நிமிஷம். பிறகு மாமியார்க்காரி ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், அந்தச் சத்தம் இப்போதும், இந்த ஏசி அறையிலும், சொடக்கு எடுக்கிறவன் பக்கத்திலும், செல்வியின் காதுக்குள் இருக்கிறது. ஓடினாள். கண் மேலே சொருகி, பல் கிட்டி, உடம்பு வில்லாய் வளைந்து தூக்கித் தூக்கிப் போட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடையைப் பிடித்து, நாக்கு கடிபடாமல் பார்த்து, ஆக்சிஜன் வைத்து, எல்லாம் செய்தாள், எல்லாம் தெரிந்தவள்தானே. ஆரோக்கியமேரி சீட்டையும் பார்க்கவில்லை, ஒப்பையும் பார்க்கவில்லை, "ஆண்டவரே நீரே பாத்துக்கிடும்" என்று சொல்லி ஊசியை இறக்கிவிட்டாள். ஒரு நர்ஸ் செய்தாள் அதை. வண்டி வந்தது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், வயிற்றைக் கிழித்தார்கள், தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளையாம், சுருட்டை முடியாம், அவ்வளவு விவரத்தை யார் கேட்டது, மாமியார்க்காரி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ராத்திரி வந்த பெரிய டாக்டர் சத்தம் போட்டார். "அறிவிருக்கா? மொதல்ல ஊசியப் போட்டுட்டு அப்புறம் எனக்குச் சொல்லக்கூடாதா? இதெல்லாம் ஒரு விஷயமா?" அப்புறம் சீட்டை எடுத்தார். அந்த வெற்றுக் கட்டத்தில் பச்சை மையில் சரசரவென்று இழுத்தார், பக்கத்தில் நேரம் போட்டார், மூன்று பதினைந்து. ஆக, காகிதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. காகிதப்படி அவர் கோவாவில் இல்லை, விமானத்தில் இல்லை, மூன்று பதினைந்துக்கு அவர் அங்கேயே நின்று ஊசி போடச் சொன்னார், ஊசியும் போட்டாயிற்று, அதற்கு மேல் விதி. என்ன அநியாயம், என்ன ஒரு நெஞ்சழுத்தம்! அவருக்கு லைசென்ஸ் இருக்கிறது. சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூச் சாத்துகிறார்கள். செல்வி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை, மறுநாள் வேலைக்கு வந்து முப்பது சீட்டு எழுதினாள், முப்பதிலும் கடைசிக் கட்டத்தை விட்டாள். ஏன் பேசவில்லை? பரீட்சைக்கு இன்னும் மூன்று மாசம் இருந்தது. வம்பு வேண்டாம் என்று பேசவில்லை.

ஒரு மணி பதினொன்று. அடியே, இருபது நிமிஷம்! மீதிக் கேள்விக்கு நேரம் பற்றாது, இனி எப்படிப் பறந்தாலும் பத்துப் பதினைந்து கேள்வியை வாசிக்காமலே தட்ட வேண்டியதுதான், நூற்றி நாற்பத்தொன்பது மறுபடியும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது, தென்காசி மாப்பிள்ளை வீட்டு ஊஞ்சல் தெரிகிறது. அப்படியும் கை அசையவில்லை. அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது என்ன? முதல் விடை, உடனே ஆபரேஷன். இரண்டாவது, மெக்னீசியம். மூன்றாவது, வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுவது. நாலாவது, நீர் பிரியும் மாத்திரை. ஐந்தாவது எங்கே? கேள்வி எழுதின மகராசா, ஐந்தாவதை எங்கே விட்டாய்? பெரியவருக்குப் போன் அடித்துக்கொண்டே பேனாவும் கையுமாக முப்பத்தெட்டு நிமிஷம் நிற்பது. நான் செய்தது அதுதானே, அதற்கு வட்டம் இல்லையே. அறிவுக்கா பஞ்சம் அன்றைக்கு? இரண்டாவது வட்டம் அன்றைக்கே தெரியும். இதைச் சரியாகத் தட்டினால் இவளுக்குத் தெரிந்திருக்கிறது, இவள் டாக்டர் என்று மார்க்குப் போடுவார்கள். தெரிந்துவைத்துக்கொண்டு நின்றேனே, அதற்கு எங்கே மார்க்குப் போடுவீர்கள்? எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது அவளுக்கு, கேள்வி எழுதினவன் மேல், கோவா மேல், பச்சை மை மேல், காலையில் சோப்புத் தண்ணீர் ஊற்றினவள் மேல், ஆரோக்கியமேரி மேல்கூட. அத்தனை பேரையும் திட்டி முடித்த பிறகு கீழே ஒன்று கிடந்தது, மூன்று மாசமாக அவள் திரும்பிப் பார்க்காமல் தாண்டித் தாண்டிப் போன ஒன்று. ஒரு கிறுக்கல் போதும் அன்றைக்கு. செ என்று எழுதி ஒரு கோடு இழுத்திருந்தால் சிஸ்டர் ஊசியைப் போட்டிருப்பாள். நம்பர் எங்கே என்று அவள் கேட்டிருக்க மாட்டாள், அவளுக்கு வேண்டியிருந்தது தன்னோடு சேர்ந்து நிற்க ஒரு ஆள். செல்வி ஏன் போடவில்லை? போட்டு மாட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது, இந்த நாற்காலியில், இந்தத் திரைக்கு முன்னால் உட்கார முடியாது. இந்தப் பரீட்சைக்காகத்தான் போடவில்லை. சந்தனமாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, செல்வி தன் ஆறாவது தடவையைப் பத்திரமாகப் பொத்தி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தப் பரீட்சையே வந்து, ஒன்றும் தெரியாத மாதிரி, அடுத்து என்ன செய்வாய் என்று கேட்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எங்கோ ஒருத்தி தும்மினாள். அந்தச் சத்தத்தில் கை தானாக நகர்ந்து, விடை போடாமலே, பிறகு பார்க்க என்று குறி வைத்துவிட்டு அறுபத்து நாலுக்குப் போனது. அப்புறம் ஓட்டம்தான். சிறுநீரகம், காசநோய், நாய்க்கடி, கண்புரை, ஒன்றையும் முழுசாக வாசிக்கவில்லை, கண் ஓடிய வேகத்தில் கை ஓடியது, தெரிந்ததைத் தட்டினாள், தெரியாததையும் தட்டினாள், கோபம் இருந்ததே, அது ஒரு விதத்தில் உதவி செய்தது, பயப்பட நேரமில்லாமல் போயிற்று. நூற்றி முப்பத்தெட்டுக்கு மேல் பன்னிரண்டு கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது வட்டம். கடிகாரத்தில் ஐம்பது விநாடி. அறுபத்து மூன்றுக்குத் திரும்பினாள். அதே இருபத்து நாலு வயது, அதே நூற்றியெழுபதுக்கு நூற்றிப்பத்து. நாற்பது. முப்பது. விடை போடாமல் விட்டால் என்ன, ஒரு மார்க்கால் தோற்றுப்போனால் என்ன, அதுதானே உனக்குத் தண்டனை என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, யாருக்கு வேண்டும் உன் தண்டனை? அவள் பிள்ளை திரும்பி வரவா போகிறது? இன்றைக்கும் எழுதாமல் விட்டுவிட்டு நல்லவள் வேஷம் போடுகிறாயா? இரண்டாவது வட்டத்தைத் தட்டினாள், பதிவாகிவிட்டது என்று பச்சை விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். திரை தானாக மூடி நன்றி சொன்னது.

வெளியே போகும் வழியில் ஒரு மேஜை, மேஜையில் வருகைத் தாள், மேஜைக்குப் பின்னால் கல்லூரியிலேயே வேலை பார்க்கிற ஒரு பெண், காலையிலிருந்து நின்று நின்று கால் கடுத்துப்போன முகம். வரிசையில் செல்வியின் முறை வந்தது. பேனாவை வாங்கினாள். பதிவு எண் எழுதினாள், இருக்கை எண் எழுதினாள், வெளியேறும் நேரம் என்ற இடத்தில் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து நாலு முப்பத்திரண்டு என்று உள்ளபடி எழுதினாள், பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டு நடந்தாள். வாசலைத் தாண்டி, டீக்கடைப் பெஞ்சில் அப்பாவின் வெள்ளைச் சட்டை தெரிகிற தூரத்துக்குப் போய்விட்டாள்.

"மேடம்! ஏங்க, ஒங்களத்தான், நில்லுங்க!"

திரும்பினாள். அந்தப் பெண் தாளை உயர்த்திக் காட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டிருந்தாள். "என்னங்க நீங்க, எல்லாக் கட்டமும் நெரப்பிட்டுக் கையெழுத்து மட்டும் போடாமப் போறீங்க? இத வேற யாரு வந்து போடுவா?"

செல்வி தாளைப் பார்த்தாள். ஆமாம், கடைசிக் கட்டம் வெறுமனே கிடந்தது. அவளுக்கு மேலேயும் கீழேயும் எல்லாரும் போட்டிருந்தார்கள். பேனாவை வாங்கி, வாசல் தூணில் தாளை வைத்து அழுத்திக்கொண்டு, ஆவுடைச்செல்வி என்று முழுப் பெயரையும் எழுதினாள். கட்டத்துக்குள் அடங்கவில்லை, கடைசி எழுத்து வெளியே போயிற்று. எழுதி முடிக்க மூன்று விநாடிகூட ஆகவில்லை. மை காயும் முன்பே தாளில் ஒரு சொட்டு விழுந்தது, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் கடுகடுப்பெல்லாம் போய்விட்டது. "அய்யய்யோ, எதுக்குங்க அழுறீங்க? பேப்பர் ரொம்பக் கஷ்டமா?"

"இல்லங்க" என்றாள் செல்வி. "ரொம்ப ஈசி."